எட் சல்லிவன் ஷோ பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் பழைய இசை ஒளிப்பதிவுகள் போட்டுப் பார்க்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கொசுவர்த்திச் சுருளும் சுண்டலும் உண்டு. போன வருஷம் முழுக்க ஓடியது அமெரிக்காவின் எட் சல்லிவன் ஷோதான். ஒவ்வொரு மாதமும் புதிதாக யாராவது வருவார், அதே சந்தேகங்களைக் கேட்பார், நான் அதே பதிலைச் சொல்வேன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பேசியதில் மற்றவர்களுக்கு என்மேல் எரிச்சல் வந்துவிட்டது. அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

எட் சல்லிவன்னா யாரு? பாடகரா?

பாடமாட்டார், ஆடமாட்டார், நகைச்சுவையும் வராது. நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் பிராட்வே நாடக உலகத்தின் வம்பு தும்புகளைப் பத்தியாக எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர். 1948 ஜூன் 20 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி அவரிடம் ஒரு பல்சுவை நிகழ்ச்சியைக் கொடுத்தது. அப்போது அதன் பெயர் டோஸ்ட் ஆஃப் தி டவுன். மக்கள் எப்படியும் 'சல்லிவன் ஷோ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1955 செப்டம்பரில் பெயரையே அப்படி மாற்றிவிட்டார்கள். 1971 வரை, 23 வருஷம், ஞாயிறு இரவுதோறும் ஓடியது.

திரையில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தோளைத் தூக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரர் போல நிற்பார். விருந்தாளியின் பெயரையே தப்பாகச் சொல்வார். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் "இவரையா 23 வருஷம் வைத்திருந்தார்கள்?" என்று கேட்கிறார்கள். அவருடைய திறமை மேடையில் இல்லை, ஆள் பிடிப்பதில் இருந்தது. நாளைக்கு ஊரே யாரைப் பற்றிப் பேசப்போகிறது என்பது பத்திரிகைக்காரருக்கு இன்றைக்கே மூக்கில் வேர்த்துவிடும்.

இது நம்ம ஒலியும் ஒளியும் மாதிரி பாட்டு நிகழ்ச்சியா?

இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைத் தொலைக்காட்சியில் நாம் பார்த்தது ஏற்கெனவே எடுத்த சினிமாப் பாட்டுகளின் துண்டுகள். இது மேடை. ஒரு மணி நேரத்துக்குள் பாடகர், கழைக்கூத்தாடி, பொம்மை வைத்துப் பேசுகிறவர், நாடகத்திலிருந்து ஒரு காட்சி, குச்சிகளின் மேல் பீங்கான் தட்டுகளைச் சுழலவிடும் ஆள், மறுபடியும் பாடகர் என்று வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். கோயில் திருவிழாவில் ஒரே பந்தலில் வில்லுப்பாட்டும் கரகாட்டமும் மெல்லிசைக் கச்சேரியும் நடப்பதை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

அந்தக் காலத்து வீட்டில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. தாத்தாவுக்கு ஆப்பரா இசைநாடகம், அப்பாவுக்கு நகைச்சுவை, பிள்ளைக்கு ராக், குட்டிக்கு டோப்போ ஜீஜியோ என்ற எலிப் பொம்மை. ஆளுக்கு ஐந்து நிமிஷம் பங்கு போட்டுக் கொடுத்தார் சல்லிவன். மற்றவர் பங்கு ஓடும்போது எல்லோரும் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

எல்லாம் நேரலைங்கறீங்க. ஒத்திகையே இல்லாமலா?

ஒத்திகை இல்லாமல் எப்படி? ஞாயிறு மதியமே ரசிகர்களை உள்ளே விட்டு முழு நிகழ்ச்சியையும் ஒரு தடவை நடத்திப் பார்த்துவிடுவார்கள். சல்லிவன் அதைப் பார்த்துவிட்டு வரிசையை மாற்றுவார், சிலருக்கு நேரத்தைக் குறைப்பார், சிலரை எடுத்தே விடுவார். இரவு 8 மணிக்கு நேரலை. மதியம் கைதட்டு வாங்கியவர் இரவில் மேடைக்கே வராமல் போனதும் உண்டு.

1964 பிப்ரவரி 9 அன்று மிட்ஸி மெக்கால், சார்லி பிரில் என்ற நகைச்சுவை ஜோடிக்கு நடந்ததைப் பாருங்கள். மதிய ஒத்திகை முடிந்ததும் சல்லிவன் கூப்பிட்டு, இன்றைக்கு வருகிற கூட்டம் சின்னப் பெண்கள், உங்கள் நகைச்சுவை அவர்களுக்குப் புரியாது, மாற்றுங்கள் என்றார். மனப்பாடம் செய்து மெருகேற்றி வைத்திருந்ததைச் சில மணி நேரத்தில் பிய்த்துக் கட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அரங்கில் காத்திருந்த கூட்டத்துக்கு அன்றைக்கு வேண்டியது பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் நான்கே நான்கு பேர்தான்.

வாயசைப்பா, நிஜமாப் பாடுறாங்களா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். பெரும்பாலும் நிஜமாகவே பாடினார்கள். சொந்த இசைக்குழு இல்லாத பாடகருக்கு ரே பிளாக் நடத்திய நிகழ்ச்சியின் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. சிலர் இசையை மட்டும் முன்கூட்டிப் பதிந்து ஓடவிட்டு அதன்மேல் நேரடியாகப் பாடினார்கள். முழு வாயசைப்பும் உண்டு. மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழு அப்படி ஒரு தடவை வந்தபோது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷெல் பிலிப்ஸ் வாழைப்பழம் சாப்பிட்டார். பாடுவதாக நடிக்கச் சொன்னதற்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

கண்டுபிடிக்க நான் பார்ப்பவை இவை. முதலில் பாட்டின் முடிவு. அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் பாதி, ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து மறைவதுபோல முடியும். மேடையில் அப்படித் தேய முடியாது. எங்காவது 'டக்' என்று நிறுத்தியாக வேண்டும். ஆக, இசைத்தட்டில் தேய்ந்து முடிகிற பாட்டு மேடையில் திடமாக முடிந்தால் அது புதிதாக வாசித்தது. சுப்ரீம்ஸ் குழுவின் பாட்டுகளைக் கேளுங்கள். கடைசியில் பித்தளைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய முத்தாய்ப்பு வைக்கும். அது இசைத்தட்டில் இருக்காது, ரே பிளாக்கின் ஆட்கள் போட்டது.

அடுத்து கிடார் ஒயர். மின்கிடாரில் ஒயரே செருகாமல் ஒருவர் உருகி உருகி வாசித்தால் அது நடிப்பு. மூன்றாவது மூச்சு. நேரடியாகப் பாடுகிறவர் நீண்ட வரிக்கு முன்னால் தோளை உயர்த்தி மூச்சை இழுப்பார், தலையைத் திருப்பினால் குரல் ஒரு கணம் மைக்கை விட்டு விலகும். எங்கள் கூட்டத்தில் தவில் வாசிக்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் பாடகரைப் பார்ப்பதே இல்லை. டிரம்ஸ்காரரின் மணிக்கட்டை மட்டும் பார்த்துவிட்டு "பொய்" அல்லது "சரி" என்பார். இதுவரை தப்பியதில்லை.

எல்விஸை இடுப்புக்கு மேலதான் காட்டினாங்களாமே?

பாதி உண்மை. எல்விஸ் பிரெஸ்லி மூன்று தடவை வந்தார்: 1956 செப்டம்பர் 9, அக்டோபர் 28, 1957 ஜனவரி 6. இடுப்புக்கு மேல் மட்டும் என்ற கட்டுப்பாடு மூன்றாவதில்தான். முதல் இரண்டிலும் முழு ஆளும் தெரிகிறார். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் பார்க்கச் சுவையானது. கால் தெரியவில்லை, ஆனால் தோளும் உதடும் கண்ணிமையும் தெரிகின்றன. கீழே என்னமோ நடக்கிறது என்பது பெண்களின் கூச்சலில் தெரிகிறது. மறைத்ததால் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அதே இரவில் அவர் ஒரு பக்திப் பாட்டும் பாடினார். கடைசியில் சல்லிவன் வந்து, இவர் உண்மையிலேயே கண்ணியமான, நல்ல பையன் என்று ஊருக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

இது எல்விஸின் முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இல்லை. அதே 1956இல் ஜனவரியிலிருந்தே வேறு நிகழ்ச்சிகளில் பாடிக்கொண்டிருந்தார். சல்லிவன் முதலில் இவரை வேண்டாம் என்றவர். அதே ஞாயிறு இரவில் எதிர்ச் சேனலில் ஸ்டீவ் ஆலன் எல்விஸைப் பாடவைத்துப் பார்வையாளர்களை அள்ளிக்கொண்டு போனதும், மூன்று நிகழ்ச்சிக்கு 50,000 டாலர் கொடுத்துக் கூப்பிட்டார். ஆனால் அந்த முதல் இரவில் அவரே இல்லை. கார் விபத்தில் அடிபட்டு ஓய்வில் இருந்தார். நியூயார்க்கிலிருந்து அறிவித்தவர் ஆங்கிலேய நடிகர் சார்ல்ஸ் லாட்டன். எல்விஸ் பாடியது லாஸ் ஏஞ்சலஸ் அரங்கில். சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள்.

பீட்டில்ஸ் வந்த ராத்திரி அமெரிக்காவுல திருட்டே நடக்கலையாமே?

நல்ல கதை, ஆனால் கதைதான். வாஷிங்டன் பத்திரிகைப் பத்தி ஒன்றில் கிண்டலாக எழுதப்பட்டது, பீட்டில்ஸ் நிகழ்ச்சி ஓடியபோது கார்ச் சக்கர மூடி ஒன்றுகூடத் திருடு போகவில்லை என்று. அதாவது, அந்தத் திருட்டுப் பையன்கள்தான் இவர்களின் ரசிகர்கள் என்று இடக்காகச் சொன்னது. கை மாறிக் கை மாறிப் புகழ்மொழியாகிவிட்டது. உறுதியான கணக்கு வேறு: 1964 பிப்ரவரி 9 அன்று சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அரங்கில் இருந்தவை 728 இருக்கைகள், வந்த விண்ணப்பங்கள் சுமார் 50,000.

அந்த ஒளிப்பதிவை நிதானமாகப் பாருங்கள். மேடையில் பெரிய வெள்ளை அம்புக்குறிகள் நாலா பக்கத்திலிருந்தும் இவர்களை நோக்கிக் குத்துகின்றன, 'இதோ இவர்கள்தான்' என்று சொல்வதுபோல. இரண்டாவது பாட்டு மெதுவானது. அப்போது ஒவ்வொரு முகமாகக் காட்டி அடியில் பெயர் போடுகிறார்கள். பால், ரிங்கோ, ஜார்ஜ். ஜான் லெனன் முகத்துக்கு அடியில் மட்டும் பெயரோடு கூடுதலாக ஒரு வரி: மன்னிக்கவும் பெண்களே, இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் மாடியில் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருவது இங்கேதான்.

ஒலி பற்றி ஒன்று. லெனனின் மைக் அன்று மெலிந்தே கேட்கிறது. கடைசிப் பாட்டில் இரண்டு குரலும் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் பால் மெக்கார்ட்னியின் குரல்தான் முன்னால் நிற்கும். மேடையில் பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்கான ஒலிபெருக்கி அப்போது கிடையாது. கூச்சலில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம். அப்படியும் தாளமும் சுருதியும் கட்டுக்குள் நிற்கின்றன. ஹாம்பர்க் கிளப்புகளில் இரவு இரவாக வாசித்துக் காய்ந்த கைகள். அந்த அடக்கத்தைத்தான் ரசிக்க வேண்டும், முடியை அல்ல.

முதல்ல பாடினது எது? மூணு வாரம் தொடர்ந்து வந்தாங்களா?

பிப்ரவரி 9, 16, 23 மூன்று ஞாயிறும் வந்தார்கள், மூன்றுக்கும் சேர்த்துச் சம்பளம் 10,000 டாலர்தான். 16ஆம் தேதி நிகழ்ச்சி மயாமி கடற்கரை ஓட்டல் ஒன்றிலிருந்து. 23ஆம் தேதி ஒளிபரப்பானது 9ஆம் தேதி மதியமே வேறு ரசிகர் கூட்டத்துக்கு முன்னால் பதிவு செய்தது. அதாவது கடைசியாக ஒளிபரப்பானதைத்தான் முதலில் பாடினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், மதியம் கொஞ்சம் விறைப்பாக இருந்தவர்கள் இரவில் தளர்ந்திருப்பது தெரிகிறது. எனக்கு அப்படித் தெரிகிறது, எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை.

நான் யூடியூப்ல கலர்ல பார்த்தேனே. நீங்க ஏன் கறுப்பு வெள்ளையில போடறீங்க?

நீங்கள் பார்த்தது பிற்காலத்தில் யாரோ கணினியில் நிறம் பூசியது. சல்லிவன் ஷோ நிரந்தரமாக வண்ணத்துக்கு மாறியது 1965 அக்டோபர் 31 அன்று. பீட்டில்ஸ் கடைசியாக அவர் மேடையில் பாடியது 1965 ஆகஸ்ட் 14இல் பதிவாகி செப்டம்பர் 12இல் ஒளிபரப்பானது. ஏழு வாரத்தில் வண்ணம் தவறிப்போனது. எல்விஸின் மூன்றும் கறுப்பு வெள்ளைதான். அந்த இருவரையும் அங்கே வண்ணத்தில் கண்டால் அது கைவேலை.

அசல் வண்ணம் வேண்டுமென்றால் 1966க்குப் பிந்தியவற்றைப் பாருங்கள். டோர்ஸ், ஜாக்சன் ஃபைவ், சுப்ரீம்ஸின் பிற்காலப் பாட்டுகள். கொழகொழவென்று ஒழுகுகிற சிவப்பும் மஞ்சளும் அந்தக் காலத்துக் கேமராவின் குணம்.

சில வீடியோ சினிமா மாதிரி மங்கலா இருக்கு, சிலது நேர்ல பாக்கற மாதிரி இருக்கு. ஏன்?

1956க்கு முன்னால் தொலைக்காட்சி நிலையங்களில் ஒளிநாடா கிடையாது. பெட்டியின் திரைக்கு எதிரே சினிமா கேமராவை வைத்துப் படம் பிடிப்பார்கள். இதற்கு கினஸ்கோப் என்று பெயர். தொலைக்காட்சி நொடிக்கு 60 அரைப் படங்களைக் காட்டும். சினிமாச் சுருள் 24 முழுப் படங்களைத்தான் வாங்கும். இடையில் உள்ள அசைவு தொலைந்துபோகும், முகம் வெளிறும், வட்டமான விளிம்புகள் பிசிறடிக்கும். ஒளிநாடா வந்தபிறகு பதிவானதில் அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது. பீட்டில்ஸ் நாடாவில் இருப்பதால்தான் நேற்று எடுத்ததுபோல இருக்கிறது.

மங்கலாக இருக்கிறதே என்று கினஸ்கோப்பைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பெட்டியின் திரைக்கு எதிரே ஒரு சினிமா கேமரா இல்லாதிருந்தால் 50களின் பாட்டுகள் காற்றோடு போயிருக்கும். நாடா விலை உயர்ந்தது என்பதால் அதை அழித்து அழித்து மறுபடி பயன்படுத்திய நிலையங்கள் ஏராளம். சல்லிவன் ஷோ தப்பித்தது நம் அதிர்ஷ்டம்.

ராக் மட்டும்தானா? எனக்கு அந்தக் கூச்சல் ஒத்துக்காது.

உங்களுக்கு 1956 நவம்பர் 25. பாடியவர்கள் மரியா காலஸ், ஜார்ஜ் லண்டன், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தியவர் திமித்ரி மித்ரோபூலஸ், டோஸ்கா ஆப்பராவின் இரண்டாம் அங்கத்திலிருந்து ஒரு பகுதி. எல்விஸ் இரண்டாம் முறை பாடி நான்கே வாரம் கழித்து, அதே நிகழ்ச்சியில். காலஸ் அந்த ஆண்டுதான் நியூயார்க் மெட்ரபாலிட்டன் ஆப்பராவில் முதன்முதலாகப் பாடினார். கத்தியைக் கண்டதும் அவர் முகம் மாறுகிற இடத்தை மங்கலான கினஸ்கோப்பிலும் பார்க்கலாம்.

வயலின் பிடிக்குமென்றால் 1958இல் 13 வயது இட்ஸாக் பெர்ல்மன். ஜாஸ் என்றால் லூயி ஆம்ஸ்ட்ராங், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். கிறிஸ்தவப் பக்தி இசைக்கு மஹாலியா ஜாக்சன். போதுமா?

கறுப்பினக் கலைஞர்களுக்கு வாசலைத் திறந்தவர்னு புகழறாங்க. உண்மையா, மிகையா?

உண்மை, ஆனால் முழுக்கதை இல்லை. 50களில் தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிக் குழாய், தனி வாசல். அங்கிருந்த வெள்ளையர் வீடுகளின் வரவேற்பறைக்குள் ஞாயிறு இரவில் நாட் கிங் கோலும் பெர்ல் பெய்லியும் மதிப்பான விருந்தாளிகளாக வந்து போனார்கள். சல்லிவன் அவர்களோடு கைகுலுக்கினார், பெர்ல் பெய்லியின் கன்னத்தில் முத்தமிட்டார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த கார் கம்பெனியின் தென்மாநில முகவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1964 டிசம்பரில் சுப்ரீம்ஸ் முதல் தடவை வந்தார்கள். அதன் பிறகு மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாடகர்களுக்கு அது இரண்டாவது வீடு மாதிரி ஆகிவிட்டது. 1969 டிசம்பர் 14 அன்று ஜாக்சன் ஃபைவ், மைக்கேல் ஜாக்சனுக்கு 11 வயது. சரியாக ஒரு வாரம் கழித்து, டயானா ராஸ் சுப்ரீம்ஸோடு தொலைக்காட்சியில் கடைசியாகப் பாடியதும் அதே மேடையில்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1950 ஜனவரியில் பால் டிரேப்பர் என்ற நடனக் கலைஞரை ஆடவைத்தார் சல்லிவன். அவர் இடதுசாரி என்று புகார்கள் குவிந்தன. சல்லிவன் வருத்தக் கடிதம் எழுதினார். அதற்கப்புறம் கலைஞர்களின் அரசியலைத் துருவிப் பட்டியல் போட்டவர்களிடம் கலந்துகொண்டே ஆள் தேர்ந்தெடுத்தார். நிறவெறியை எதிர்த்து நின்ற முதுகெலும்பு, கம்யூனிஸ்ட் வேட்டை வந்தபோது வளைந்தது. இரண்டும் ஒரே ஆள்தான்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் போடுவது 1968 டிசம்பர் 29, ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன். கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் கலந்த குழு. பாட்டின் நடுவே ஸ்லையும் தங்கை ரோஸும் மேடையிலிருந்து இறங்கி ரசிகர்களின் நடைபாதைக்குள் ஆடிக்கொண்டே போகிறார்கள். இரு பக்கமும் கோட்டும் டையுமாக, முத்து மாலையும் கூந்தல் அலங்காரமுமாக உட்கார்ந்திருக்கிறவர்களின் முகங்களைப் பாருங்கள். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு, சங்கடமாக ஒரு பாதிப் புன்னகை. மேலே எழுதிய இரண்டு பத்தியையும்விட அந்தச் சில நொடி நிறையச் சொல்லும்.

பாட்டு வரியை மாத்தச் சொல்லிச் சண்டை போட்டாங்களாமே, எல்லாருமே மாத்தினாங்களா?

ஆளாளுக்கு ஒரு வழி. 1967 ஜனவரி 15, ரோலிங் ஸ்டோன்ஸ். பாட்டில் 'இரவைச் சேர்ந்து கழிப்போம்' என்ற பொருளில் வரும் வரியை 'கொஞ்ச நேரம் சேர்ந்து கழிப்போம்' என்று பாடச் சொன்னார்கள். மிக் ஜாகர் பாடினார். ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் கண்ணைச் செருகி மேலே உருட்டினார். ஒப்புக்கொண்டதும் அவர்தான், கேலி செய்ததும் அவர்தான்.

அதே ஆண்டு செப்டம்பர் 17, டோர்ஸ். போதையைக் குறிக்கும் என்று ஒரு சொல்லை எடுக்கச் சொன்னார்கள். ஜிம் மாரிசன் அதை அப்படியே பாடினார். 'கதவுகள்' என்ற குழுவின் பெயருக்கேற்பப் பின்னணியில் அலங்காரத்துக்காக நிஜக் கதவுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் நிகழ்ச்சியின் கதவு இவர்களுக்கு அன்றோடு அடைக்கப்பட்டது. பாப் டிலன் 1963 மே மாதம் ஒத்திகை வரை வந்தார். வலதுசாரி அமைப்பு ஒன்றைக் கிண்டல் செய்யும் பாட்டை சிபிஎஸ் தணிக்கைக்காரர்கள் வேண்டாம் என்றதும், வேறு பாட்டுப் பாடமாட்டேன் என்று கிளம்பிவிட்டார். ஆகவே டிலனின் சல்லிவன் வீடியோவைத் தேடாதீர்கள், அது இல்லை.

இவர்களுக்கு முன்னோடி போ டிட்லி. 1955 நவம்பர் 20. அப்போது வானொலியில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவர் பாட்டைப் பாடச் சொன்னார்கள். நேரலையில் தன் பெயரிலேயே உள்ள தன் பாட்டைத் தொடங்கிவிட்டார். இரண்டையும் பாட வேண்டும் என்று புரிந்துகொண்டேன் என்றார். வேண்டுமென்றே செய்தார் என்றார் சல்லிவன். திரும்பக் கூப்பிடவே இல்லை. அந்தத் தாளத்தைக் கேட்டுவிட்டு எங்கள் தவில்காரர் "நல்லவேளை மாத்திப் பாடினான்" என்றார். பட்டி ஹாலியின் கதை சோகமானது. 1958 ஜனவரியில் சல்லிவனுக்குப் பிடிக்காத பாட்டைத்தான் பாடுவேன் என்று நின்றார். பாடினார். ஆனால் கிடார் ஒலியைக் கேளுங்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். மறுபடி கூப்பிட்டபோது ஹாலி வரமாட்டேன் என்றுவிட்டார்.

இவ்வளவு ஓடினதை ஏன் நிறுத்தினாங்க?

இரண்டாம் பதிலில் சொன்ன ஒற்றைப் பெட்டி இரண்டாகிவிட்டது. பிள்ளை தன் அறையில் தன் பாட்டைப் பார்த்தான். தாத்தா மட்டும் மிச்சம். சிபிஎஸ் இளையவர்களைத் தேடி 1971இல் பழைய நிகழ்ச்சிகளைக் கொத்தாக வெட்டியது. மார்ச் 28 கடைசிப் புது நிகழ்ச்சி. விடைபெறும் நிகழ்ச்சி ஒன்று நடத்துங்கள் என்றார்கள், சல்லிவன் மறுத்துவிட்டார். 1974இல் காலமானார். பிராட்வேயில் அந்த அரங்கம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

எங்கே பார்க்கலாம்? ஒவ்வொரு பாட்டாவே இருக்கே, முழுசா கிடைக்காதா?

1990இல் சல்லிவன் குடும்பத்திடமிருந்து மொத்தத் தொகுப்பையும் ஆண்ட்ரூ சோல்ட் வாங்கினார். அவருடைய நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் பாட்டுப் பாட்டாக வெட்டிய நல்ல தரப் பதிவுகள் நிறைய இருக்கின்றன. எல்விஸின் மூன்று இரவுகளும் பீட்டில்ஸின் நான்கு இரவுகளும் முழு நிகழ்ச்சியாகவே டிவிடியில் வந்தன.

முடிந்தால் முழுசாகப் பாருங்கள். வெட்டிய துண்டில் எல்லோரும் ஜாம்பவான்களாகத் தெரிகிறார்கள். முழு நிகழ்ச்சியில்தான் அவர்கள் வரிசையில் நின்று, முந்தையவர் இறங்கக் காத்திருந்து, மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொண்டு போன கூலிக்காரர்கள் என்பது தெரியும். 1964 பிப்ரவரி 9இல் ஆலிவர் நாடகக் குழுவில் பாடுகிற பையன் டேவி ஜோன்ஸ். இரண்டு வருஷம் கழித்து மங்கீஸ் குழுவில் அவனுக்கே பெண்கள் கத்தினார்கள். துண்டு வீடியோவில் அவன் எங்கே கிடைப்பான்?

ஒரே ஒரு ராத்திரிதான் நேரம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

சங்கடமான கேள்வி. பாட்டு மட்டும் என்றால் ஸ்லை. நிகழ்ச்சி என்றால் அந்த பிப்ரவரி 9தான், ஆனால் பீட்டில்ஸுக்காக அல்ல. முதல் மூன்று பாட்டு முடிந்து, விளம்பரம் போய், அடுத்து யார் வருகிறார் என்று பாருங்கள். ஃபிரெட் காப்ஸ் என்ற டச்சு மந்திரவாதி. உலகத்தில் எந்தக் கலைஞனுக்கும் அதைவிட மோசமான இடம் வாய்த்திருக்காது. அவர் பதறவில்லை. சீட்டுக்கட்டை எடுத்துக் காட்டுகிறார். அப்புறம் உப்பு வித்தை. மூடிய கையிலிருந்து உப்பு கொட்டத் தொடங்குகிறது. நிற்கவில்லை. கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவரே ஆச்சரியப்படுவதுபோல ரசிகர்களைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், இன்னும் கொட்டுகிறது.